அந்த இரண்டு நாளை ஏன் வெட்டுவதில்லை: மலைப் பயணம் வரும் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். பயணத் திட்டத்தை அனுப்பியதுமே உங்களில் பலர் போன் போட்டுக் கேட்பது ஒரே கேள்வி: "நடுவில் இரண்டு நாள் எங்கேயும் போகாமல் ஒரே இடத்தில் தங்குகிறோமே, அதை எடுத்துவிட்டால் லீவு மிச்சமாகுமே?" நியாயமான கேள்விதான். ஆளாளுக்குப் பாதிப் பதில் சொல்வதைவிட எல்லோருக்கும் சேர்த்து ஒருமுறை எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தோம்.

அந்த இரண்டு நாளை எடுக்க மாட்டோம். இனி காரணம்.

மேலே போகப் போகக் காற்றில் ஆக்சிஜன் குறைகிறது என்று பேச்சுவாக்கில் சொல்கிறோம். உண்மையில் காற்றில் அதன் பங்கு கடலோரத்திலும் 21 சதவீதம், எவரெஸ்ட் உச்சியிலும் 21 சதவீதம். குறைவது காற்றின் அழுத்தம். சுமார் 5,500 மீட்டரில் அது பாதியாகிவிடும்; எவரெஸ்ட் உச்சியில் மூன்றில் ஒரு பங்குதான் மிஞ்சும். ஒரு மூச்சில் நுரையீரலுக்குக் கிடைக்கும் ஆக்சிஜனும் அதே கணக்கில் சுருங்கும்.

உடம்பு இதற்குச் செய்யும் முதல் வேலை வேகமாக மூச்சு விடுவது. ஆனால் அதில் ஒரு சிக்கல். வேகமாக மூச்சு விட்டால் கரியமில வாயு அதிகம் வெளியேறி ரத்தத்தின் காரத்தன்மை கூடும். கூடியதும் மூளை "போதும், மெதுவாக விடு" என்று பிரேக் போடும். அந்தப் பிரேக்கை எடுத்துவிடுவது சிறுநீரகத்தின் வேலை. காரப்பொருளான பைகார்பனேட்டில் கூடுதலாக இருப்பதைச் சிறுநீரில் தள்ளி ரத்தத்தைச் சரிக்கட்டும். இதற்குச் சில நாட்கள் பிடிக்கும். சிவப்பணுக்கள் கூடுவதற்கு வாரக்கணக்கில் ஆகும். கடல் மட்டத்திலிருந்து ஒருவரைத் தூக்கி நேராக எவரெஸ்ட் உச்சியில் வைத்தால் சில நிமிடங்களில் நினைவு தப்பிவிடும். அதே உச்சிக்கு 1978-இல் மலையேற்ற வீரர்கள் மெஸ்னரும் ஹேபலரும் ஆக்சிஜன் சிலிண்டர் இல்லாமலே ஏறி இறங்கினார்கள். திறமையும் துணிச்சலும் இருந்தது உண்மைதான். ஆனால் அதற்கு முன் மலையிலேயே கழித்த வாரங்கள் இல்லாவிட்டால் அவை எதற்கும் உதவியிருக்காது.

திட்டம் போடும்போது நாங்கள் பார்ப்பது பகலில் எவ்வளவு உயரம் ஏறுகிறீர்கள் என்பதைவிட, இரவில் எந்த உயரத்தில் தூங்குகிறீர்கள் என்பதைத்தான். மலை மருத்துவர்கள் பொதுவாகச் சொல்லும் கணக்கு இது: 3,000 மீட்டரைத் தாண்டியபின் தூங்கும் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக்கூடாது, மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை அதே உயரத்தில் இன்னொரு இரவு தங்க வேண்டும். எவரெஸ்ட் பேஸ் கேம்ப் பாதையில் 3,440 மீட்டரில் இருக்கும் நாம்சேயில் எல்லோரும் இரண்டு இரவு தங்குவது இதனால்தான். அந்த நாளில் சும்மா படுத்திருப்பதும் இல்லை. பகலில் சில நூறு மீட்டர் ஏறி, சற்று நேரம் இருந்துவிட்டு, தூங்குவதற்கு இறங்கி வந்துவிடுவார்கள். உங்கள் திட்டத்தில் 'ஓய்வு' என்று போட்டிருக்கும் நாட்களும் அப்படித்தான். ஷூவை மூட்டை கட்டி வைத்துவிடாதீர்கள்.

லே, லாசா போன்ற இடங்களுக்கு விமானத்தில் போய் நேராக 3,500 மீட்டர் வாக்கில் இறங்குபவர்களுக்கு இந்தப் படிப்படியான ஏற்றம் கிடைப்பதில்லை. அங்கே முதல் இரண்டு நாள் ஊரை விட்டு மேலே எங்கும் கிளம்ப மாட்டோம். வந்த அன்றைக்கு உடம்பு நன்றாகத்தான் இருக்கும், அதை நம்ப வேண்டாம். தொந்தரவு பெரும்பாலும் ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரம் கழித்து, அதாவது முதல் இரவிலோ மறுநாள் காலையிலோதான் தலைகாட்டும்.

எப்படித் தெரிந்துகொள்வது? 2,500 மீட்டருக்கு மேலே தலைவலி, அதோடு குமட்டல், பசியின்மை, அசதி, தலைசுற்றல் இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தால் அது உயர நோயின் தொடக்கம். பெரும்பாலும் ஆபத்தில்லாதது. ஆனால் மலையில் வரும் எல்லாத் தலைவலிக்கும் ஒரு சாக்கு தயாராக இருக்கும்: தண்ணீர் சரியாகக் குடிக்கவில்லை, வெயில் அதிகம், வண்டி குலுக்கிவிட்டது, தூக்கம் இல்லை. அதில் ஒன்று உண்மையாகவும் இருக்கலாம். இருந்தாலும் வேறு காரணம் தெளிவாகத் தெரியும்வரை அதை உயர நோய் என்றே வைத்துக்கொண்டு நடப்போம்.

நல்ல உடற்பயிற்சி உள்ளவர்களுக்கு இது வராது என்பது தவறான நம்பிக்கை. மாரத்தான் ஓடுபவருக்கும் வரும். பயிற்சி இருப்பதால் வேகமாக ஏறிவிடுவார், அதனாலேயே வரும். முன்பு ஒருமுறை உயரத்தில் உடம்பு படுத்தியிருந்தால் மறுபடியும் படுத்த வாய்ப்பு அதிகம். அதனால்தான் படிவத்தில் அந்தக் கேள்வியைத் தனியாகக் கேட்கிறோம்.

தினமும் இரவுச் சாப்பாட்டின்போது கைடு ஒவ்வொருவரிடமும் தலைவலி உண்டா, சாப்பிட முடிந்ததா, சிறுநீர் சரியாகப் போகிறதா என்று கேட்பார். ரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்று காட்டும் ஆக்சிமீட்டரையும் விரலில் மாட்டிப் பார்ப்பார். அந்த எண்ணைப் பரீட்சை மார்க் போல ஒருவருக்கொருவர் காட்டிக்கொள்வது எல்லாக் குழுவிலும் நடக்கிறது, தயவுசெய்து வேண்டாம். விரல் சில்லிட்டிருந்தால் கருவி தப்பாகக் காட்டும். 4,000 மீட்டரில் நன்றாக இருப்பவருக்கும் எண்பதுகளில்தான் நிற்கும். எண் நன்றாக இருந்து ஆள் சோர்ந்திருந்தால் நாங்கள் ஆளைத்தான் நம்புவோம்.

லேசான தலைவலி என்றால் அங்கேயே தங்கல். பாரசிட்டமாலோ இபுபுரோஃபெனோ போட்டுக்கொண்டு, முடிந்ததைச் சாப்பிட்டு ஓய்வெடுத்தால் பெரும்பாலும் ஓரிரு நாளில் தெளிந்துவிடும். தெளியும்வரை மேலே ஒரு அடி கிடையாது. தெளியாமல் கூடிக்கொண்டே போனால் கீழே இறங்க வேண்டியதுதான். பலருக்கு 300 முதல் 1,000 மீட்டர் இறங்கினாலே குறையும்.

இனி சொல்லப்போகும் இரண்டும் உயிரோடு விளையாடுபவை.

முதலாவது மூளை வீக்கம். இதைக் கண்டுபிடிக்க கைடு செய்யும் சோதனை பார்ப்பதற்கு விளையாட்டுப் போல இருக்கும். குச்சியால் தரையில் ஒரு கோடு கிழித்து, ஒரு காலின் குதிகாலை மற்றக் காலின் விரல்நுனியோடு ஒட்டி ஒட்டி வைத்து நடக்கச் சொல்வார். முதலில் தானே நடந்து காட்டுவார். நடப்பவர் தள்ளாடினாலோ கோட்டை விட்டுக் கால் விலகினாலோ "களைப்புதான், காலையில் சரியாகிவிடும்" என்ற பேச்சுக்கு இடமில்லை, உடனே இறக்கம். இதைவிட முன்னாடியே கூட இருப்பவர் கண்ணில் படும் அடையாளங்களும் உண்டு: ஷூ நாடாவைக் கட்டத் தெரியாமல் வெகுநேரம் பிசைந்துகொண்டிருப்பது, கேட்ட கேள்வியையே மறுபடி கேட்பது, காரணமில்லாமல் எரிந்து விழுவது. குழம்பியிருப்பவர் தான் நன்றாக இருப்பதாகவே அடித்துச் சொல்வார், அவரைக் கேட்டு முடிவெடுக்கக் கூடாது.

இரண்டாவது நுரையீரலில் நீர் கோப்பது. தலைவலியே இல்லாமலும் வரும், பெரும்பாலும் இரண்டாம் இரவு வாக்கில். நேற்றுவரை முன்னால் போனவர் சமதரையிலேயே பின்தங்குவார், வறட்டு இருமல், பிறகு உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கும், படுத்தால் இன்னும் மோசமாகும், உதடும் நகமும் நீலம் பாரிக்கும். சளியில் நுரையும் ரத்தச் சாயலும் தெரியும்வரை காத்திருக்கக் கூடாது. உடம்பைக் கதகதப்பாக வைத்து, முடிந்தவரை நடக்க விடாமல், தூக்கியோ குதிரையிலோ இறக்குவோம்.

இரண்டிலும் நள்ளிரவானாலும் இறக்கம்தான். கூட எங்கள் ஆள் ஒருவர் நிச்சயம் இருப்பார். சிலிண்டர் ஆக்சிஜன், டெக்ஸாமெதசோன், நிஃபெடிபின் என்ற மருந்துகள், ஆளை உள்ளே படுக்கவைத்துக் காற்றடித்து அழுத்தம் கூட்டும் பை எல்லாமே இறங்குவதற்கு அவகாசம் வாங்கித் தருபவை. பனிப்புயலில் மாட்டிக்கொண்டால் மட்டுமே அவற்றை நம்பி மேலே இருக்க வேண்டியிருக்கும்.

டயமாக்ஸ் பற்றி எல்லோரும் கேட்கிறீர்கள். அசெட்டசோலமைடு என்ற அந்த மாத்திரை, மேலே சொன்ன சிறுநீரக வேலையைத்தான் துரிதப்படுத்துகிறது. முன்பு பாதிக்கப்பட்டவர்களுக்கும், விமானத்தில் போய் உயரத்தில் இறங்குபவர்களுக்கும் டாக்டர்கள் தருவதுண்டு. பெரியவர்களுக்கு வழக்கமான தடுப்பு அளவு 125 மில்லிகிராம், காலையும் இரவும், ஏறத் தொடங்குவதற்கு முந்தைய நாளிலிருந்து. விரல்நுனிகள் மரத்துக் குறுகுறுக்கும், அடிக்கடி சிறுநீர் போகும், சோடா சப்பென்று இருக்கும், பயப்பட வேண்டாம். சல்ஃபா மருந்து ஒவ்வாதவர்கள் டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். டெக்ஸாமெதசோன் வேறு ரகம். அது அறிகுறிகளை அமுக்கும், உடம்பைப் பழக்காது. நிறுத்தினால் எல்லாம் திரும்பி வரலாம். அதைப் போட்டுக்கொண்டு மேலே ஏறுவதை எங்கள் பயணத்தில் அனுமதிப்பதில்லை.

கையடக்க ஆக்சிஜன் கேன் சில நிமிடத்தில் தீர்ந்துவிடும், வாங்க வேண்டாம். தூக்க மாத்திரையும் மதுவும் மூச்சை மந்தமாக்கும், ஆகவே வேண்டாம். தண்ணீர் தாகத்துக்குத் தக்கபடி, சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருக்கும் அளவுக்குப் போதும். லிட்டர் கணக்கில் வலிந்து குடித்தால் ரத்தத்தில் சோடியம் குறைந்து, அதுவே தலைவலியைக் கொண்டுவரும். டென்ட்டுக்குள் அடுப்பு பற்றவைக்கவே கூடாது. கார்பன் மோனாக்சைடும் இதே தலைவலி, இதே குமட்டலைத்தான் தரும், உயிரையும் எடுக்கும். அப்புறம், பக்கத்தில் தூங்குபவர் சில நொடி மூச்சே இல்லாமல் கிடந்து, பிறகு திடீரென்று பெருமூச்சு வாங்குவார். உயரத்தில் இது சகஜம், எழுப்ப வேண்டியதில்லை.

இதயம், நுரையீரல் கோளாறு உள்ளவர்கள், கர்ப்பிணிகள், சிக்கிள் செல் நோய் உள்ளவர்கள் பணம் கட்டுவதற்கு முன் டாக்டரைப் பார்த்துவிடுங்கள். சின்னக் குழந்தைக்குத் தலைவலி என்று சொல்லத் தெரியாது. சாப்பிடாமல், விளையாடாமல், சிணுங்கிக்கொண்டே இருந்தால் அதையே அறிகுறியாக எடுத்துக்கொள்வோம்.

இறங்க வேண்டும் என்று கைடு சொன்னால் அதுவே முடிவு. மற்றவர்கள் பயணத்தைத் தொடர்வார்கள், ஆகவே உங்களால் குழு கெட்டுவிடும் என்ற கவலை வேண்டாம். தலைவலியை மறைப்பவர்களில் பலர் மறைப்பது வீம்பால் அல்ல. பயணம் முடிகிற அன்றே திரும்பும் விமானத்துக்கு டிக்கெட் போட்டுவிட்டு, ஒரு நாள் பிந்தினாலும் எல்லாம் போச்சே என்ற பதற்றத்தால். அதனால் பயணம் முடிந்து குறைந்தது ஒரு நாளாவது இடைவெளி விட்டு டிக்கெட் எடுங்கள். எடுத்துவிட்டவர்கள் தேதி மாற்ற முடியுமா என்று இப்போதே விசாரியுங்கள். உடல்நலப் படிவத்தை நிரப்பி, டிக்கெட் நகலோடு எங்களுக்கு அனுப்பிவையுங்கள்.

அன்புடன்,
உங்கள் மலைப் பயணக் குழுவினர்