குட்டி வரும் தேதியை ஊசி அட்டை சொல்லட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஊட்டியில் சீசன் நாய் கண்காட்சி முடிந்த கையோடு, பள்ளி விடுமுறையும் சேர்ந்துகொள்ள, வரி விளம்பரப் பகுதியில் நாய்க்குட்டி விற்பனை கூடிவிடுகிறது. "30 நாள் குட்டி, உடனே கிடைக்கும்" என்ற வரிதான் அதிகம் கண்ணில் படுகிறது. அதை நம்பிக் கோவையிலிருந்தோ மேட்டுப்பாளையத்திலிருந்தோ மலைக்குக் குட்டி கொண்டுவர இருப்பவர்களுக்காக இந்தக் கடிதம்.

முதலில் வயது. 2017-ல் மத்திய அரசு கொண்டுவந்த நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகளின்படி 8 வாரம் நிறையாத குட்டியை விற்கக் கூடாது. விற்பவர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். குட்டிக்குத் தோலுக்கடியில் வைக்கும் அடையாள மைக்ரோசிப்பும் தடுப்பூசியும் போட்டிருக்க வேண்டும். அப்படியிருந்தும் 30 நாளில் ஏன் விற்கிறார்கள்? அந்த வயதில்தான் பல் முளைத்து, தாய் பால் கொடுக்க மறுக்கத் தொடங்குகிறது. தீவனச் செலவு, குட்டி ஈன வைத்து விற்கும் பிரீடர் தலையில் விழும் நேரம் அது. குட்டி பார்க்க அழகாக இருப்பதும் அப்போதுதான். ஆனால் அதன் உடம்பு தன் சூட்டைத் தானே முழுதாகக் காத்துக்கொள்ளப் பழகியிருக்காது. கடித்தால் எவ்வளவு வலிக்கும் என்பதைக் கூடப்பிறந்தவற்றோடு விளையாடித்தான் குட்டி கற்கிறது. அந்தப் பாடம் நான்காம் வாரத்துக்கும் எட்டாம் வாரத்துக்கும் நடுவில் நடப்பது. இடையில் பிரித்து எடுத்த குட்டி பின்னால் வீட்டுப் பிள்ளைகளின் கையைப் பதம் பார்க்கும்.

முன்பணம் கொடுக்கும் முன் தாய் நாயை நேரில் பாருங்கள். ஊசி அட்டையைக் கேட்டு வாங்குங்கள். மருந்துக் குப்பியிலிருந்து உரித்து ஒட்டிய ஸ்டிக்கர், போட்ட தேதி, மருத்துவரின் கையெழுத்து, அவரது பதிவு எண் ஆகிய நான்கும் அதில் இருக்க வேண்டும். வெறும் பேனாவால் "ஊசி போட்டாச்சு" என்று எழுதியிருந்தால் அதை அட்டையாகக் கருத முடியாது. கென்னல் கிளப் சான்றிதழைக் காட்டி நிறுத்திவிடுபவர்களும் உண்டு. அது வம்சத்தைச் சொல்லும், ஊசியைச் சொல்லாது.

ஒரு ஊசி போட்டால் போதும் என்ற எண்ணம்தான் பல குட்டிகளின் உயிரைப் பறிக்கிறது. சீம்பால் வழியாகத் தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச் சக்தி குட்டியைக் காக்கிறது. அதே சக்தி நாம் போடும் ஊசியையும் செயலிழக்கச் செய்கிறது. அது எப்போது வடியும் என்பது குட்டிக்குக் குட்டி மாறும். அதனால்தான் 6 முதல் 8 வாரத்தில் தொடங்கி, 3 அல்லது 4 வாரத்துக்கு ஒருமுறை, 16 வாரம் வரை பார்வோ (ரத்த வயிற்றுப்போக்கு நோய்), டிஸ்டெம்பர் (மூச்சையும் நரம்பையும் தாக்கும் நோய்) ஊசிகளைத் திரும்பத் திரும்பப் போடுகிறார்கள். மூன்று மாதத்தில் வெறிநோய் ஊசி. மழையும் தேங்கும் நீரும் எலியும் உள்ள நம் பகுதிக்கு எலிச் சிறுநீரால் பரவும் லெப்டோ காய்ச்சலுக்குத் தடுப்பும் வேண்டுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். டிஸ்டெம்பர் செந்நாய்க்கும் சிறுத்தைக்கும்கூடத் தொற்றும் நோய். காட்டை ஒட்டி வாழும் நாம் அந்த ஊசியைத் தவறவிடக் கூடாது.

வீட்டில் முன்பு பார்வோவால் ஒரு குட்டி இறந்திருந்தால் இன்னும் கவனம் தேவை. பார்வோ கிருமி நிழலும் ஈரமும் உள்ள மண்ணில் பல மாதம் உயிரோடிருக்கும். நம் தோட்டங்கள் அதற்கு வாகானவை. பினாயில் அதைக் கொல்லாது. தரையை முதலில் சோப்புப் போட்டுக் கழுவி, வீட்டு உபயோகத் திரவ பிளீச் ஒரு பங்குக்கு 30 பங்கு தண்ணீர் கலந்து 10 நிமிடம் ஊறவிட்டு அலச வேண்டும். அழுக்கு இருந்தால் பிளீச் வேலை செய்யாது. மண்ணை இப்படிச் சுத்தம் செய்ய வழியில்லை என்பதால், அப்படிப்பட்ட வீட்டுக்கு ஊசி வரிசை முடிந்த குட்டியாகப் பார்த்துக் கொண்டுவருவதே நல்லது.

மலையேறும் பயணத்துக்குக் காலை நேரமே சரி. சனிக்கிழமை மாலை வேண்டாம். இரவில் குட்டி துவண்டால் மறுநாள் மருத்துவரைப் பிடிப்பது சிரமம். புறப்படுவதற்கு 3 மணி நேரம் முன்பே கடைசித் தீனி கொடுத்துவிடச் சொல்லுங்கள். அதற்கு மேல் பட்டினி போடக் கூடாது, சின்ன இனக் குட்டிகளுக்குச் சர்க்கரை சட்டென்று இறங்கும். துவண்டால் ஈறில் குளுக்கோஸ் தடவிவிட்டு மருத்துவரிடம் ஓடுங்கள். மடியில் வைக்காமல், ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியில் செய்தித்தாளைப் பல மடிப்பாக விரித்து, முன் இருக்கைக்குப் பின்னால் கால் வைக்கும் இடத்தில் வையுங்கள். கொண்டை ஊசி வளைவுகளில் வாய் ஊறி வாந்தி எடுக்கும். நனைந்த முடியோடு குன்னூர்க் காற்றுப் பட்டால் உடம்பு சில்லிட்டுவிடும், ஆகவே மூன்று துண்டு கையில் இருக்கட்டும், உடனே துடையுங்கள். வழியில் டீ குடிக்க நிறுத்தினால் குட்டியைத் தரையில் இறக்காதீர்கள். தெருநாய்கள் கழித்த இடத்தில்தான் பார்வோ காத்திருக்கும். வெளியூர் டாக்சி என்றால் நீலகிரிக்குள் நுழைவதற்கான இ-பாஸை முன்கூட்டியே எடுத்துவிடுங்கள். மலையடிவாரக் கல்லாறு சோதனைச் சாவடியில் வெயிலில் வரிசையில் நின்றால் மூடிய பெட்டிக்குள் குட்டிக்கு மூச்சு முட்டும்.

முதல் இரவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழும் ஊரில் சிமெண்ட் தரை குட்டிக்கு ஆகாது. பலகை மேல் மடித்த சாக்கு, அதன் மேல் கம்பளி. வெந்நீர் பாட்டிலை இரண்டு சுற்றுத் துண்டில் சுற்றிப் பெட்டியின் ஒரு பக்கம் மட்டும் வையுங்கள். சூடு அதிகமானால் நகர்ந்து படுக்க மறுபக்கம் காலியாக இருக்க வேண்டும். நள்ளிரவில் ஒருமுறை நீரை மாற்றுங்கள். அறையை மூடிக் கரி அடுப்பு மட்டும் வைக்கவே வைக்காதீர்கள். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. உறங்கும் மனிதரையே கொல்லக்கூடியது. குட்டி அழாமல் இருக்க, வாங்குவதற்கு இரண்டு மூன்று நாள் முன்பே ஒரு பழைய துணியைக் கொடுத்துத் தாயின் படுக்கையில் போட்டு வைக்கச் சொல்லுங்கள். அந்த வாசனையோடு வரும் துணி எந்தப் பொம்மையையும்விட உதவும். வெளியே கூண்டிலோ சங்கிலியிலோ விடும் பேச்சே வேண்டாம். சிறுத்தை வாசல் வரை வந்து நாயைத் தூக்கிச் செல்லும் மாவட்டம் இது. இரவில் சிறுநீருக்கு வெளியே விட்டாலும் விளக்கைப் போட்டு, கூடவே நில்லுங்கள்.

தீனியை ஒரு வாரம் மாற்றாதீர்கள். பிரீடர் கொடுத்ததையே நாளுக்கு நான்கு வேளை கொடுத்து, பிறகு சிறிது சிறிதாகக் கலந்து மாற்றுங்கள். பசும்பால் பல குட்டிகளுக்கு வயிற்றுப்போக்கைத் தரும். ஹைட்ரேஞ்சியா, அசேலியா செடிகளும், வெங்காயம், திராட்சையும், நம்மூர் ஹோம்மேட் சாக்லேட்டும் எட்டாத இடத்தில் இருக்கட்டும். மருந்து தெளித்த தேயிலைச் செடிகளுக்குள் விடாதீர்கள். ஊசி முடியும்வரை சந்தைக்கும் பேருந்து நிலையத்துக்கும் நடத்திக் கூட்டிப்போக வேண்டாம். ஆனால் கையில் தூக்கிக்கொண்டு ஆட்கள், வண்டிகள், தகரக் கூரையில் விழும் மழைச் சத்தம் எல்லாவற்றையும் பழக்கிவிடுங்கள். 14 வாரத்துக்குள் பழகாத குட்டி வளர்ந்த பிறகும் மிரளும்.

குட்டியின் பல்லோ நகமோ பட்டு ரத்தம் வந்தால், சோப்புப் போட்டு 15 நிமிடம் ஓடும் நீரில் கழுவிவிட்டு மருத்துவமனைக்குச் செல்லுங்கள். வெறிநோய்க்குச் சிகிச்சை தரத் தொடங்கிய பாஸ்டர் நிலையம் 1907 முதல் குன்னூரில் இருக்கும் மாவட்டத்தில்கூட, "சின்னக் குட்டிதானே" என்று விட்டுவிடுகிறார்கள்.

ஆசிரியர் அவர்களிடம் ஒரு வேண்டுகோள். நாய்க்குட்டி விற்பனை விளம்பரங்களை ஏற்கும்போது குட்டி பிறந்த தேதியையும் விற்பவரின் வாரியப் பதிவு எண்ணையும் கட்டாயமாகக் கேட்டு அச்சிடுங்கள். இரண்டும் ஒரே வரியில் அடங்கிவிடும்.

இப்படிக்கு,
வாசகர், கோத்தகிரி