பால் பாட்டில் சத்தம்

சாந்தி,

நாலு மாசமா ஒரு வரி எழுதல. உன் கோபம் நியாயம்தான். ஜெயா பொண்ணு கல்யாணப் போட்டோ எல்லாம் பார்த்தேன். அந்த மாம்பழ மஞ்சளை நீ இன்னும் விடலயாடி? இங்க எல்லாரும் சுகம். இவருக்குச் சர்க்கரை கொஞ்சம் குறைஞ்சிருக்கு.

விஷயம் என்னன்னா, நான் எங்க ஊர் நாடகக் குழுவுல சேர்ந்துட்டேன். தார்ன்டன் வைல்டர்னு அமெரிக்க நாடகாசிரியர் எழுதின 'அவர் டவுன்' (Our Town, 'நம்ம ஊர்') போடறோம். 1938 ஜனவரி 22-ல அது முதல்ல மேடையேறினதே எங்க நியூ ஜெர்சியிலதான், பிரின்ஸ்டன் மெக்கார்ட்டர் தியேட்டர்ல. எங்க வீட்டுலேர்ந்து அரை மணி நேரம். அந்தப் பெருமை இங்க இருக்கறவங்களுக்கு நிறையவே உண்டு.

மேடைச் சாமான் பார்த்துக்கறேன்னு பேர் கொடுத்தேன். போனா, சாமானே கிடையாது! திரை இல்ல, சுவர் இல்ல. ரெண்டு மேஜை, கொஞ்சம் நாற்காலி, ரெண்டு ஏணி. ஏணியில ஏறி உட்கார்ந்தா மாடி ஜன்னல். ரெண்டு அம்மாக்கள் கையில எதுவுமே இல்லாம பீன்ஸ் நார் உரிக்கறாங்க. ஸ்டேஜ் மேனேஜர்னு ஒருத்தர் வந்து ஊரைச் சுத்திக் காட்டறார், யார் எப்ப சாவாங்கன்னு முன்கூட்டியே சொல்லிடறார், நடுவுல அவரே மருந்துக்கடைக்காரர், அவரே பாதிரியார். தெருக்கூத்து பார்க்கப் புரிசைக்கு உங்க மாமா நம்மள கூட்டிட்டுப் போனாரே, விடிய விடிய பார்த்தோமே, அந்தக் கட்டியக்காரன்தான்டி! டைரக்டரம்மாகிட்ட கூத்து பத்தி ஒரு மணி நேரம் பேசினேன். மறுநாள் அந்த ஸ்டேஜ் மேனேஜரை ஜனங்க பக்கம் ரெண்டு அடி முன்னால நிக்க வெச்சுட்டாங்க. எனக்குத் தூக்கமே வரல அன்னிக்கு.

இப்ப என் வேலை சத்தம். சேவல், ரயில், பால்காரர் வர்றப்போ பாட்டில் உரசற சத்தம். குதிரையும் கிடையாது, பாலும் கிடையாது. சத்தம் மட்டும்தான்.

மூணாவது அங்கம்தான் என்னைப் போட்டு வதைக்குது. கதாநாயகி எமிலி பிரசவத்துல செத்துப் போயிடறா, 26 வயசு. செத்தவங்க வரிசையா நாற்காலியில அசையாம உட்கார்ந்திருக்காங்க, அதுதான் கல்லறைத் தோட்டம். ஒரே ஒரு நாள் வாழ்ந்து பார்த்துட்டு வர்றேன்னு தன்னோட 12-வது பிறந்தநாளுக்குத் திரும்பிப் போறா. 1899, பிப்ரவரி, ஊரெல்லாம் பனி. இருட்டுல நின்னு நான் பாட்டிலைத் தட்டணும். அவ அம்மா அடுப்படியில வேலை பார்த்துக்கிட்டே பேசறா. ஒரு நிமிஷம் என்னைப் பாரும்மான்னு அந்தப் பொண்ணு கெஞ்சறா. அம்மா காதுல அது விழவே இல்ல. பாசம் இல்லாம இல்லடி, காலை வேளை, வேலை தலைக்கு மேல.

ஞாயித்துக்கிழமை அம்மாவுக்குப் போன் போடறப்போ நான் என்ன செய்வேன் தெரியுமா? போனைச் சிங்க் மேல சாய்ச்சு வெச்சுட்டுப் பாத்திரம் தேய்ப்பேன். அம்மா கண்ணாடி மாத்தி ஒரு மாசம் ஆச்சுன்னு நீ எழுதினப்போதான் எனக்குத் தெரியும். அந்த ஒரு மாசத்துல நாலு தடவை முகம் பார்த்துப் பேசியிருக்கேன் சாந்தி, நாலு தடவை. போன வியாழக்கிழமை ஒத்திகையில அந்த இடம் வந்தப்போ எனக்குக் கை எழவே இல்ல. பால்காரரா நடிக்கறவர் சத்தத்துக்காக அப்படியே நின்னுட்டார்.

நாடகம் முடிஞ்சதும் கிளம்பி வர்றேன். லீவு சொல்லிட்டேன், பொங்கல் வரைக்கும் செய்யாறுலதான். அம்மாகிட்ட இப்பவே சொல்லாத, ராத்திரியெல்லாம் முழிச்சு உட்கார்ந்திருப்பாங்க. டிக்கெட் எடுத்ததும் தேதி சொல்றேன். அன்னியிலேர்ந்து அவங்க வீட்டுக்கு அரை லிட்டர் பால் கூடப் போடச் சொல்லிடு.

உன்
வசந்தா