மொத்தத் தொகையைப் பார்க்காதே, தேதியைப் பார்

அன்பு மச்சான்,

உன் கடிதமும் அதோடு நீ அனுப்பிய, கால்பந்துக் கிளப் அக்கா பையனுக்குக் கொடுத்த காண்ட்ராக்ட் நகலும் கிடைத்தன. இரண்டு கேள்வி கேட்டிருந்தாய். அமெரிக்கக் கால்பந்து வீரர் ரஸ்ஸல் வில்சனை வெளியே அனுப்பின பிறகும் உங்கள் டென்வர் அணி ஏன் இரண்டு வருஷம் அவர் பேரில் கணக்கு எழுதியது என்பது ஒன்று, பையன் இந்தத் தாளில் கையெழுத்துப் போடலாமா என்பது இன்னொன்று. எனக்கு இரண்டும் ஒரே கேள்வியாகத்தான் தெரிகிறது. முதலில் உன் ஊர்க் கதையை முடித்துவிட்டு நம் தெருவுக்கு வருகிறேன்.

ஒரு அணி வருஷத்துக்கு வீரர் சம்பளமாக இவ்வளவுதான் கணக்கில் ஏற்றலாம் என்கிற சம்பள வரம்பு அமெரிக்கக் கால்பந்தில் 1994-ல் வந்தது. அப்போது ஒரு அணிக்கு 3.46 கோடி டாலர், 2024-ல் 25.54 கோடி, 2025-ல் 27.92 கோடி. லீகுக்கு வருகிற வருமானத்தில் வீரர்களுக்கு இவ்வளவு பங்கு என்று வீரர்கள் சங்கமும் அணி முதலாளிகளும் ஒத்துக்கொண்டதில் இருந்து இந்தத் தொகை பிறக்கிறது. அதனால்தான் கொரோனாவில் மைதானம் காலியானதும் 2020-ல் 19.82 கோடியாக இருந்தது 2021-ல் 18.25 கோடிக்கு இறங்கியது. இதுவரை உனக்கே தெரிந்திருக்கும். தெரிய வேண்டிய விஷயம் இதுக்கு அப்புறம்தான் இருக்கிறது: பணம் வீரர் கைக்குப் போகிற வருஷமும் அது கணக்கில் ஏறுகிற வருஷமும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

நாலு வருஷ ஒப்பந்தம், கையெழுத்துப் போடும்போதே 2 கோடி டாலர் போனஸ் என்று வைத்துக்கொள். அந்தப் பணம் ஆட்டக்காரருக்கு அன்றைக்கே போய்விடும், ஆனால் வரம்புக் கணக்கில் வருஷத்துக்கு 50 லட்சம்தான் ஏறும். இப்படி அதிகபட்சம் ஐந்து வருஷம் வரை பரப்பலாம். இன்னொரு வித்தையும் உண்டு. ஒருவருக்கு இந்த வருஷச் சம்பளம் 1.5 கோடி, அணிக்கு வரம்பில் இடம் இல்லை. சம்பளத்தில் 20 லட்சத்தை மட்டும் விட்டுவிட்டு மீதி 1.3 கோடியைப் போனஸ் என்று பேரை மாற்றி இப்போதே கொடுத்துவிடுவார்கள். அதை ஐந்தாகப் பிரித்தால் வருஷத்துக்கு 26 லட்சம். ஆக இந்த வருஷக் கணக்கில் 1.5 கோடிக்குப் பதில் 46 லட்சம், ஒரு கோடிக்கும் மேல் இடம் கிடைத்துவிட்டது. ஆட்டக்காரருக்கு ஒரு பைசா குறையவில்லை, முன்னாலேயே கைக்கு வந்ததால் அவருக்கும் சந்தோஷம்தான். மீதி 1.04 கோடி எங்கே போனது? எங்கேயும் போகவில்லை, அடுத்த நாலு வருஷத்தின் தலையில் உட்கார்ந்திருக்கிறது.

அந்த ஆளை நடுவில் அனுப்பிவிட்டால் உட்கார்ந்திருந்ததெல்லாம் மொத்தமாக விழும். இதைத்தான் டெட் மணி என்கிறார்கள். ஃபிரிட்ஜைத் தவணையில் வாங்கி, அது பழுதாகி எடைக்குப் போட்ட பிறகும் மாசா மாசம் கட்டிக்கொண்டிருப்போமே, அப்படி. வில்சன் விஷயத்தில் நடந்ததும் இதுதான். 2022 செப்டம்பரில் அவருக்கு ஐந்து வருஷ நீட்டிப்பு, 24.5 கோடி டாலர் என்று பேப்பரில் எல்லாம் வந்தது. அந்த ஐந்து வருஷம் தொடங்க வேண்டியதே 2024-ல்தான். தொடங்குவதற்குள் 2024 மார்ச்சில் அனுப்பிவிட்டார்கள். விழுந்த டெட் மணி 8.5 கோடி டாலர். ஜூன் 1-க்குப் பிறகு அனுப்பியதாகக் குறித்துக்கொண்டால் அதை இரண்டு வருஷமாகப் பிரிக்கலாம் என்று ஒரு விதி இருப்பதால் 2024-ல் 5.3 கோடி, 2025-ல் 3.2 கோடி என்று எழுதினார்கள். 25.54 கோடி வரம்பில் 5.3 கோடி என்றால் ஐந்தில் ஒரு பங்கு, அந்த ஆளோ பிட்ஸ்பர்க்குக்கு ஆடிக்கொண்டிருந்தார். பிட்ஸ்பர்க் கொடுத்தது அவரைப் போன்ற அனுபவசாலிக்கான குறைந்தபட்சச் சம்பளமான 12.1 லட்சம் டாலர், பாக்கியைக் கொடுத்தது டென்வர். ஏனென்றால் 2024-க்கான 3.9 கோடி கேரண்டி என்று எழுதப்பட்டிருந்தது. கவனி, 24.5 கோடி என்று தலைப்புச் செய்தி வந்த நீட்டிப்பில் அவரைக் காப்பாற்றியது அந்தக் கேரண்டி என்ற ஒரு வரிதான்.

இவ்வளவு சுமையோடும் உங்கள் அணி அந்த வருஷம் பிளேஆஃப் போனது என்று நீ பெருமையாக எழுதியிருந்தாய். நியாயமான பெருமைதான், ஆனால் அதற்குப் பின்னாலும் ஒரு காண்ட்ராக்ட் இருக்கிறது. வீரர்கள் சங்கத்தோடு போட்ட 2011 ஒப்பந்தத்தில் இருந்து, புது வீரர்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கிற டிராஃப்டில் எந்த இடமோ அதற்கேற்ற சம்பளம் என்று நிர்ணயித்துவிட்டார்கள். டென்வர் 12-ஆவது இடத்தில் எடுத்த போ நிக்ஸ் என்கிற புது ஆளுக்கு நாலு வருஷத்துக்கும் சேர்த்து ஏறத்தாழ 1.86 கோடி டாலர்தான். வில்சனைப் போல ஆட்டத்தையே நடத்துகிற குவார்ட்டர்பேக்குக்கு அது ரொம்பக் குறைச்சல், அந்த மிச்சத்தில்தான் அணி வில்சன் சுமையைத் தாங்கியது. ஆனால் நிக்ஸின் அந்தத் தொகை முழுக்கக் கேரண்டி. நாளைக்கே கால் முறிந்தாலும் அவருக்கு வந்துசேரும். இந்த இடத்தை மனசில் வைத்துக்கொள், பையன் விஷயத்தில் திரும்ப இங்கேதான் வரப்போகிறேன்.

நம்ம கால்பந்திலும் வரம்பு இல்லாமல் இல்லை. 2021 ஆகஸ்டில் மெஸ்ஸி பார்சிலோனாவை விட்டுப் போனது நினைவிருக்கும், அவர் பாதிச் சம்பளத்துக்குச் சம்மதித்தும் ஸ்பெயின் லீகான லா லிகாவின் கணக்கில் அவரைப் பதிவு செய்ய இடம் இல்லை. வருமானத்துக்கு மேல் பழைய ஒப்பந்தங்கள் அங்கே ஏற்கெனவே மலைபோல் நின்றன. இங்கிலாந்துக் கிளப் செல்சி இன்னொரு வழியில் போனது. ஆளை வாங்கப் பழைய கிளப்புக்குக் கொடுத்த டிரான்ஸ்ஃபர் தொகையை எட்டரை வருஷ ஒப்பந்தத்தில் பரப்பியது. உடனே ஐரோப்பியக் கால்பந்துக் கூட்டமைப்பான யூஈஎஃப்ஏ 2023-ல் ஐந்து வருஷத்துக்கு மேல் பரப்பினால் கணக்கில் சேராது என்று கதவை மூடியது. ஊர் வேறு, ஆட்டம் வேறு, ஆசை ஒன்றுதான்: இன்றைக்கு ஆளை எடு, கணக்கை நாளைக்குப் பார்க்கலாம்.

நம் நாட்டு லீகான ஐஎஸ்எல்லில் சில வருஷம் ஒரு அணிக்கு 16.5 கோடி ரூபாய் என்று வரம்பு இருந்தது. அதை வைத்து ஒரு கணக்குப் போட்டுப் பார். ஆறு வெளிநாட்டுக்காரர்களுக்கு 8 கோடி போய்விடும் என்று வைத்துக்கொள். இந்திய அணிக்கு ஆடுகிற நாலைந்து பேருக்கு 5 கோடி. மீதி 3.5 கோடியில் பதினைந்து பேர். அதிலும் நடுவில் இருக்கிற அனுபவசாலி ஏழெட்டுப் பேர் முப்பது, முப்பத்தைந்து லட்சம் கேட்பார்கள், கடைசியில் நிற்கிற நம்ம பையன்களுக்கு மிஞ்சியதுதான். வரம்பு நட்சத்திரத்தை ஒன்றும் செய்வதில்லை மச்சான், அவருக்குக் கொடுக்க வேண்டியதை எப்படியாவது கொடுத்துவிடுவார்கள். நெரிபடுவது நடுவில் இருக்கிறவனும் கடைசியில் இருக்கிறவனும்தான். இருந்தும் வரம்பு வேண்டும் என்றே சொல்வேன், இல்லாவிட்டால் பணக்கார முதலாளி ஒருவர் வந்து விலையை ஏற்றிவிட்டு இரண்டு வருஷத்தில் கடையை மூடிக்கொண்டு போவார், கூட இருந்தவர்களும் மூழ்குவார்கள். அமெரிக்காவில் எனக்குப் பிடித்தது மேலே கூரை போட்டது போலவே கீழே தரையும் போட்டிருப்பது. முதல் வருஷ ஆளுக்கே 2024-ல் குறைந்தது 7.95 லட்சம் டாலர் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். நம் ஊரில் கூரையைப் பற்றிப் பேசுகிற அளவுக்குத் தரையைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

சரி, பையனுக்கு வருகிறேன். முல்லை நகர் பக்கம் எல்லோரும் அவனை நாற்பது லட்சம் என்றுதான் கூப்பிடுகிறார்கள். கேட்கச் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. தன்பால் கணேஷ் இங்கிருந்து போய் 2018-ல் கோப்பை ஜெயித்த சென்னையின் எஃப்சி அணியில் ஆடின பிறகு, காலையில் மைதானத்துக்கு வருகிற ஒவ்வொரு பொடியனுக்கும் அந்தக் கனவு இருக்கிறது. ஆனால் நாற்பது லட்சம் எங்கே இருக்கிறது என்று தாளை வரி வரியாகப் பார்த்தேன். முதல் வருஷம் 8, இரண்டாவது 12, மூன்றாவது 20. கூட்டினால் நாற்பதுதான். இரண்டாவது வருஷத்தின் கீழே பொடி எழுத்தில் ஒரு வரி: முதல் வருஷம் பத்து ஆட்டத்திலாவது தொடக்க அணியில் இறங்கியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் முப்பது நாள் நோட்டீஸ் கொடுத்துக் கிளப் முடித்துக்கொள்ளலாம். மூன்றாவது வருஷம் கிளப் விரும்பினால் மட்டும், மே 31-க்குள் சொன்னால் போதும், பையனுக்கு அந்த உரிமை கிடையாது. ஆக, உறுதியாகக் கைக்கு வரப்போவது 8 லட்சம். அதையும் 11-ஆவது பிரிவு கடிக்கிறது: ஆறு வாரத்துக்கு மேல் காயம் என்றால் சம்பளத்தை நிறுத்தி வைக்கலாமாம். பத்தொன்பது வயதுப் பையன், அந்த இடத்தில் ஏற்கெனவே ஒரு வெளிநாட்டுக்காரர் ஆடிக்கொண்டிருக்கிறார், முதல் வருஷமே பத்து ஆட்டம் எப்படி இறங்குவான்?

கிளப் கெட்ட எண்ணத்தில் எழுதியது என்று நான் சொல்ல மாட்டேன். வரம்புக்குள் அணி கட்டுகிறவர் இப்படித்தான் எழுதுவார். அடுத்த வருஷம் யார் வருவார், யார் போவார் என்று தெரியாதபோது கடைசி வரிசை ஆட்களின் ஒப்பந்தம் எல்லாம் சுலபமாகக் கழற்றக்கூடியதாக இருந்தால்தான் அவருக்கு இடம் கிடைக்கும். அதனால்தான் பேரம் பேச நமக்கும் வழி இருக்கிறது. மூன்றாவது வருஷம் பையனை வைத்துக்கொள்ள விரும்பினால் கிளப் 20 லட்சம் எழுத வேண்டியிருக்கும், அந்த எண்ணை நாமே விட்டுக்கொடுக்கிறோம் என்று சொல்லலாம். பதிலுக்கு இரண்டு வருஷம், வருஷத்துக்குப் பத்துப் பத்து லட்சம், எந்த நிபந்தனையும் இல்லாமல். மொத்தம் இருபதுதான், தெருவில் பாதியாகக் குறைந்துவிட்டான் என்று பேசுவார்கள், பேசட்டும். இரண்டு வருஷம் முடியும்போது அவனுக்கு இருபத்தொன்று, கடைசி ஆறு மாதத்தில் வேறு கிளப்போடு பேச ஃபிஃபா விதியே அனுமதிக்கிறது. நன்றாக ஆடியிருந்தால் அந்த இருபது லட்சத்தை விட அதிகமாக அவனே கேட்கலாம்.

இன்னும் இரண்டு வரி கட்டாயம் சேர்க்கச் சொல்ல வேண்டும். ஆட்டத்திலோ பயிற்சியிலோ அடிபட்டால் சம்பளமும் வைத்தியமும் கிளப் பொறுப்பு என்பது ஒன்று. இன்னொன்று, 2018-ல் ஃபிஃபா கொண்டுவந்த விதி இருக்கிறதே, இரண்டு மாதச் சம்பளம் பாக்கி விழுந்தால் பதினைந்து நாள் அவகாசம் கொடுத்து எழுதிவிட்டு, அப்போதும் வரவில்லை என்றால் வீரர் ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ளலாம் என்று, அதைத் தாளிலேயே எழுதிவிடுவது நல்லது. சந்தேகப்படுகிறேன் என்று நினைக்காதே. இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்புக்கும் ஐஎஸ்எல் நடத்துகிறவர்களுக்கும் 2010-ல் போட்ட பதினைந்து வருஷ ஒப்பந்தம் முடிகிற நேரத்தில் லீகே நடக்குமா என்று தெரியாமல் போனது, 2025 ஆகஸ்டில் பெங்களூரு எஃப்சி மாதிரிப் பெரிய கிளப்பே முதல் அணியின் சம்பளத்தை நிறுத்தி வைப்பதாக அறிவித்தது. அப்படிப்பட்ட காலத்தில் சின்னப் பையன் கையில் இருக்க வேண்டியது தெளிவான தாள்.

அக்காவுக்கு இதெல்லாம் புரிய வைப்பது கஷ்டம் என்று எழுதியிருந்தாய். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மாமா ஐசிஎஃப்பில் விளையாட்டுக் கோட்டாவில் சேர்ந்தவர்தானே. அப்போதெல்லாம் பந்து ஆடினால் ஐசிஎஃப், துறைமுகம், கஸ்டம்ஸ், இந்தியன் வங்கி என்று ஏதாவது ஒரு இடத்தில் வேலை, முட்டி போனாலும் மேசையில் உட்கார்ந்து பென்ஷன் வரை ஓட்டலாம். சம்பளம் குறைவு, ஆனால் முழுக்கக் கேரண்டி. அந்த வீட்டில் சமைத்துப் போட்டவருக்குக் கேரண்டி என்றால் என்ன என்று நாம் சொல்லித் தர வேண்டியதில்லை. அவரைக் குழப்பியது அந்த நாற்பது என்கிற எண்தான், எட்டு என்று சொன்னால் சட்டென்று புரிந்துவிடும்.

பையனைச் சின்ன வயசில் இருந்து வளர்த்த மாஸ்டரையும் மறக்கக் கூடாது. அவருடைய கிளப்பின் பேர் பையனின் பதிவில் சரியாக ஏறியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லியிருக்கிறேன். பன்னிரண்டு வயதில் இருந்து பயிற்சி கொடுத்த கிளப்புக்கு உரிய பங்கு எல்லாம் அந்தப் பதிவை வைத்துத்தான் கிடைக்கும். பையன் நாளைக்கு வெளிநாட்டுக்கே போனாலும் அந்தப் பங்கு இந்த மைதானத்துக்கு வர வேண்டும்.

மற்றபடி இங்கே எல்லோரும் நலம். மழை ஆரம்பித்துவிட்டது, கணேசபுரம் சுரங்கப்பாதையில் வழக்கம்போல் தண்ணீர், சுற்றிக்கொண்டுதான் வேலைக்குப் போகிறேன். முட்டிவலிக்கு என்ன செய்கிறாய் என்று எழுது, அந்தக் குளிரில் கவனமாக இரு.

கையெழுத்துக்குக் கிளப் கொடுத்த கெடு 15-ஆம் தேதி. ஞாயிற்றுக்கிழமை நான் அக்கா வீட்டுக்குப் போகிறேன், அதற்கு முன் நீ ஒரு போன் போட்டு, நான் வருகிற வரை எதிலும் கையெழுத்துப் போட வேண்டாம் என்று பையனிடமே சொல்லிவிடு. நான் திருத்தி எழுதிய பிரிவுகளைத் தனியாக அனுப்புகிறேன், உன் மகள் அங்கே வக்கீலுக்குப் படிக்கிறாளே, அவளையும் ஒரு தடவை பார்க்கச் சொல்.

அன்புடன்,
உன் மச்சான்
வியாசர்பாடி