பெல்ட் டெஸ்ட் தேர்வாளர்களுக்கு: தண்டோரா போடும் உதைக்கு மதிப்பெண் போடாதீர்கள்

டேக்வாண்டோ பெல்ட் டெஸ்ட் நடத்தும் தேர்வாளர்களுக்கும், பாடத்திட்டம் வகுக்கும் மூத்த மாஸ்டர்களுக்கும் வணக்கம்.

சென்ற டெஸ்டில் நீல பெல்ட்டுக்கு வந்த ஒரு மாணவிக்கு முன்கால் ரவுண்ட் கிக்கில் (முன்னால் வைத்த காலைச் சுழற்றி உதைப்பது) மதிப்பெண் குறைத்தீர்கள். கையைப் பின்னுக்கு இழுக்கவில்லை, முட்டி இடுப்பு உயரத்தில் நின்று காட்டவில்லை, கியாப் (உதையோடு போடும் கத்தல்) முதலில் வரவில்லை என்று காரணம் சொல்லப்பட்டது. உதை பேடில் (உதையை வாங்கப் பிடிக்கும் மெத்தை) விழுந்த சத்தம் ஹால் முழுக்கக் கேட்டது. அது எப்போது கிளம்பியது என்று பேட் பிடித்தவருக்கே தெரியவில்லை. அவளை மறுபடி நிற்க வைத்து, கத்திவிட்டு, கையை வீசி உதைக்கச் சொன்னீர்கள். அப்படியே செய்தாள், மதிப்பெண் கிடைத்தது. அதே உதையை அவள் போட்டியில் உதைத்தால் என்ன ஆகும் என்பது போட்டி விரிப்பில் இறங்கிய உங்கள் ஒவ்வொருவருக்கும் தெரியும்.

நாங்கள் கேட்பது ஒன்றுதான். ஸ்பேரிங் (இருவர் மோதிப் பார்க்கும்) பகுதியில் முன்கால் உதைக்குத் தனி மதிப்பெண் வையுங்கள். உதை கிளம்பும் முன் உடம்பு காட்டிக்கொடுத்தால், அதற்கு மதிப்பெண்ணைக் குறையுங்கள்.

பூம்சேயில், அதாவது எதிராளி இல்லாமல் வரிசையாகச் செய்து காட்டும் அசைவுகளில், கை இழுப்பும் நிறுத்தமும் அவசியம். அதில் எங்களுக்கு மாற்றுக் கருத்தே இல்லை. பூம்சேயின் அளவுகோலைக் கியோருகியில், அதாவது ஸ்பேரிங்கில், கொண்டுவந்து வைப்பதுதான் பிரச்சினை.

கண்ணில் பட்டதற்கு உடம்பு அசைந்து பதில் சொல்ல ஏறத்தாழ 0.2 விநாடி பிடிக்கும். எதிராளிக்கு அருகிலேயே இருக்கும் முன்காலை நாம் பயன்படுத்துவதே அந்த அவகாசத்தை அவருக்குக் கொடுக்காமல் இருக்கத்தான். தோள் 0.1 விநாடி முன்பே அசைந்துவிட்டால் அதில் பாதி போய்விட்டது.

அதிகம் கெடுவது பின்காலில். பல கிளாஸ்களில் பின்காலை முன்காலுக்குப் பக்கத்தில் கொண்டுவா, பிறகு முன்காலைத் தூக்கு என்று இரண்டு எண்ணிக்கையில் சொல்லித்தருகிறார்கள். பின்கால் உள்ளே வரும்போது தலை இரண்டு மூன்று அங்குலம் மேலே எழும்பும். இரண்டு பாதமும் ஒட்டி நிற்கும் அந்தக் கணத்தில் மாணவரால் விலகவும் முடியாது, தடுக்கவும் முடியாது. எதிராளி கட் கிக்கை (வரும் உதையை மறிக்க முன்காலைத் தூக்கி நீட்டுவது) நீட்டினாலே போதும், உதை பாதியில் செத்துவிடும். வரிசை மாற வேண்டும். முதலில் எழ வேண்டியது முன்முட்டி. பின்காலின் முன்பாதம் தரையைத் தள்ள, எழுந்த முட்டி இலக்கை நோக்கிப் போகும். பின்கால் அதன் இழுப்பில் தரையை ஒட்டியே வழுக்கி வரும். தலை இருந்த உயரத்திலேயே இருக்கும். தலைக்கு இரண்டு விரற்கடை மேலே ஒரு கயிற்றைக் குறுக்கே கட்டி, அதில் தலை படாமல் உதைக்கச் சொன்னால் ஒரே வகுப்பில் வித்தியாசம் தெரியும்.

அடுத்தது எடை. இரு காலிலும் எடை சரிபாதியாக இருந்தால், முன்கால் எழுவதற்கு முன் உடம்பு பின்னால் சாய்ந்தே தீரும். தோள்தான் அதை முதலில் சொல்லும். கால்களுக்கு இடையிலான தூரத்தைச் சற்றுக் குறைத்து, பின்காலில் 60 சதவீதம் போல வைத்து, முன்குதிகாலைத் தரையிலிருந்து லேசாக எடுத்துவிட்டால் சாய வேண்டிய தேவையே வராது. துள்ளிக்கொண்டே இருக்கும் மாணவர் உதைக்கும் முன் துள்ளலை நிறுத்துவதும், ஒவ்வொரு முறையும் மூன்றாவது துள்ளலில் உதைப்பதும் இதே வகைத் தவறுதான். பின்னால் ஓர் அடி வைக்கும்போது எடை தானாகவே பின்காலுக்குப் போகிறது. அங்கிருந்து உதைத்தால் எடை மாறுவது யார் கண்ணிலும் படாது.

கை விழுவதைத் திருத்த, பெல்ட்டைக் கழுத்தில் மாலையாகப் போட்டு இரு முனைகளையும் மார்புக்கு நேரே பிடித்தபடி உதைக்கச் சொல்லலாம். பார்வை எதிராளியின் கழுத்தடியில் இருக்கட்டும். கியாப் உதை படும்போது வரட்டும்.

இப்படி உதைத்தால் பலம் இருக்காது என்று சில மாஸ்டர்கள் சொல்வதை மதிக்கிறோம். அந்தக் கவலை நியாயமானது. போட்டியில் அணியும் எலக்ட்ரானிக் மார்புக் கவசம் எடைப்பிரிவுக்கு ஏற்ற விசையைக் கேட்கிறது. லேசாகத் தட்டினால் உடம்பு உதைக்குரிய 2 புள்ளி ஏறாது. ஆனால் அந்த விசை கை வீச்சிலிருந்து வருவதில்லை. பின்கால் தரையைத் தள்ளுவதிலிருந்தும், முழங்கால் நீளும் அதே நேரத்தில் ஊன்றிய குதிகால் இலக்கை நோக்கித் திரும்பி இடுப்பு உள்ளே போவதிலிருந்தும் வருகிறது. குதிகாலை முன்கூட்டியே திருப்பி வைத்தால் விசையும் போகும், ரகசியமும் போகும்.

1974 முதல் 1980 வரை ஃபுல் காண்டாக்ட் கராத்தே சாம்பியனாக இருந்து, தோல்வியே இல்லாமல் ஓய்வு பெற்ற பில் வாலஸ், ஜூடோவில் வலது முட்டி காயப்பட்டதால் முன்னால் வைத்த இடது காலால் மட்டுமே உதைத்தார். அந்தக் கால் வரும் என்று எதிராளிகள் அனைவருக்கும் தெரியும். ரவுண்ட் கிக், சைட் கிக், ஹூக் கிக் மூன்றுக்கும் அவர் முட்டியை ஒரே மாதிரி தூக்கியதால், எது வரப்போகிறது என்பதுதான் தெரியவில்லை. நம் டெஸ்டில் மூன்றுக்கும் மூன்று விதமாக முட்டி தூக்கினால்தான் மதிப்பெண்.

ஹனா, தூல், செத் (கொரிய மொழியில் ஒன்று, இரண்டு, மூன்று) என்று எண்ணி எண்ணி, தானாக நேரம் பார்த்து உதைக்கவே தெரியாத மாணவர்களை வளர்த்துவிட்டோம். பெல்ட் நிறங்கள் கூடுகின்றன, கட்டணமும் கூடுகிறது, சான்றிதழும் தவறாமல் வருகிறது. போட்டியில் முதல் ரவுண்டிலேயே வெளியேறும் பிள்ளையின் பெற்றோருக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் நாங்கள். கோபம் எழுத்தில் தெரிந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சோதிக்கும் முறைக்குச் செலவு எதுவும் இல்லை. பேட் பிடிப்பவர் ஏதாவது ஓர் அசைவைக் கண்டதும் பேடை இழுத்துக்கொள்ள வேண்டும். மாணவர் 10 முறை, தான் விரும்பிய நேரத்தில் முன்காலால் உதைக்க வேண்டும். எத்தனை பட்டதோ அத்தனை மதிப்பெண். சந்தேகம் வந்தால் செல்போனில் விநாடிக்கு 240 ஃபிரேம் ஸ்லோமோஷனில் எடுத்து, தோளோ கையோ அசைந்ததற்கும் பாதம் தரையை விட்டதற்கும் நடுவே எத்தனை ஃபிரேம் என்று எண்ணுங்கள். 24 ஃபிரேம் என்றால் 0.1 விநாடி.

அடுத்த டெஸ்டுக்கு முன் மதிப்பெண் தாளில் இந்த ஒரு வரியைச் சேருங்கள்: முன்கால் உதை, காட்டிக்கொடுக்காமல், 10-க்கு. கூடவே, அந்த மாணவியின் முதல் உதைக்குக் குறைத்த மதிப்பெண்ணையும் மறுபடி பார்க்கும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
வண்ண பெல்ட் மாணவர்களுக்குக் கியோருகி சொல்லித்தரும் பயிற்சியாளர்கள்