ஆண்டறிக்கை: வரைபடத்தை அணைத்துவிட்டு நடந்த ஓராண்டு

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, உறுப்பினர்களே, வணக்கம்.

இணைய விளையாட்டு உலகங்களில் நுழையும்போது வரைபடத்தையும் வழிகாட்டும் அம்புக்குறிகளையும் அணைத்துவிட்டு நடப்பது என்று சென்ற பொதுக்குழுவில் முடிவெடுத்தோம். முன்மொழிந்தவன் நான் என்பதால் வசவுகளில் பெரும்பங்கு எனக்கே வந்து சேர்ந்தது.

முதல் கூட்டத்தில் 1999-இல் வெளியான எவர்குவெஸ்ட்டை எடுத்துக்கொண்டோம். வெளியான காலத்தில் அதற்குள் வரைபடமே கிடையாது. அன்று திசையறிவதுகூடப் பழகப் பழக வளரும் ஒரு திறமை. புதியவருக்கு வடக்கு எது என்று பல தடவை பிடிபடாது. மனித இனத்தைத் தேர்ந்தெடுத்தவருக்கு இரவில் கண் தெரியாது, கையில் விளக்கு வேண்டும். கித்திகோர் வனத்தில் பகலில் ஓரளவு நிம்மதியாக நடக்கலாம். இருட்டியதும் செத்தவர்கள் எழுந்து வருவார்கள். அந்தக் காலத்தில் அவர்களிடம் அகப்பட்டு இறந்தால் உடைமைகள் பிணத்தோடு அங்கேயே கிடக்கும், திரும்பிப் போய்த்தான் எடுக்க வேண்டும். அன்றைய மரங்கள் இன்று அட்டையில் வெட்டி நிறுத்தியவை போலத் தெரிகின்றன. ஆனால் பிணத்தோடு கிடக்கும் வாளை நினைத்துக்கொண்டு நடப்பவனுக்கு அட்டை மரமும் அசையும்.

விண்வெளி விளையாட்டான ஈவ் ஆன்லைன் பற்றிய கூட்டம்தான் நேரம் போனதே தெரியாமல் நீண்டது. 2009-இல் அதில் புழுத்துளைகள், அதாவது தொலைவிலுள்ள இடங்களை இணைக்கும் வாசல்கள், சேர்க்கப்பட்டன. அவற்றுக்கு அப்பால் ஏறத்தாழ 2,500 சூரியக் குடும்பங்கள். மற்ற இடங்களில் அரட்டைப் பட்டியலைப் பார்த்தாலே அருகில் யார் யார் இருக்கிறார்கள் என்று தெரிந்துவிடும். அங்கேயோ, ஒருவர் தாமாக வாய் திறந்தால் ஒழிய அவர் பெயர் வராது. கப்பல்களின் நிறை மிகுந்தாலும் நேரம் கடந்தாலும் வந்த வழியும் அடைந்துபோகும். ஒரு பெயர்ப்பட்டியலை மறைத்ததிலேயே இவ்வளவு திகில் வந்துவிட்டதே என்பதுதான் எனக்கு வியப்பு.

எதிர்ப்பும் பதிவாக வேண்டும். வேலை முடிந்து இரவில் ஒரு மணி நேரம் மட்டும் விளையாடுபவர்கள், அதையும் வழி தேடியே கழித்ததாகக் குறைப்பட்டார்கள். நியாயம்தான். வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட் 2009 டிசம்பரில் விளையாட்டில் தரப்படும் பணிகளுக்குரிய இடங்களை வரைபடத்திலேயே காட்டத் தொடங்கியது இவர்களைப் போன்றவர்களுக்கு உதவியது. ஆனால் அதன்பின் பணி கொடுப்பவர் சொல்வதை முழுதாகப் படித்தவர் நம்மில் எத்தனை பேர்? பழைய வடிவம் 2019-இல் திரும்பி வந்தபோது ஓடிப்போய்ச் சேர்ந்தோம். அதற்குள் ஒவ்வொரு மூலையும் பட்டியலாகியிருந்தது. புதையல் எங்கே என்று படித்துவிட்டுத் தோண்டினோம்.

விளையாடுவோரை 1996-இல் நான்கு வகையாகப் பிரித்த விளையாட்டு ஆய்வாளர் ரிச்சர்டு பார்ட்டில், தேடித் திரிபவர்களுக்குச் சீட்டுக்கட்டில் இஸ்பேட்டை அடையாளமாகக் கொடுத்தார், தோண்டுகிறவர்கள் என்பதால்; இஸ்பேட்டின் ஆங்கிலப் பெயர் மண்வெட்டியையும் குறிக்கும். நம் சங்கம் முழுக்க இஸ்பேட் என்று நம்பியிருந்தேன். பாதிப் பேர் பேசிக்கொண்டிருக்கத்தான் வருகிறார்கள் என்பது இந்த ஆண்டு தெரிந்தது. அதில் தவறில்லை, வழி தவறியபோது பேச ஆள் இருந்தது.

நிதிநிலை அறிக்கையைப் பொருளாளர் வாசிப்பார். ஒரு மாதம் கூட்டம் நடைபெறவில்லை. அறிவிப்பு அனுப்ப மறந்தது என் பிழை. அடுத்த ஆண்டும் வரைபடத்தை அணைப்பதா என்பது இன்று வாக்கெடுப்புக்கு வருகிறது.

உறுப்பினர்கள் சேர்ந்து கையால் வரைந்த வரைபட நோட்டு மூன்றாவது கூட்டத்துக்குப் பிறகு காணவில்லை. எடுத்தவர் திருப்பித் தர வேண்டுகிறேன். வடகிழக்குக் குகையின் இரண்டாவது வாசல் அதில் மட்டும்தான் குறிக்கப்பட்டிருக்கிறது.

இங்ஙனம்,
செயலாளர்