கிரிஸ்டல் லபேஜா அம்மாவுக்கு

அன்புள்ள கிரிஸ்டல் அம்மா,

வெறுமனே பெயர் சொல்லிக் கூப்பிட எனக்கு மனம் வரவில்லை. நீங்கள் தொடங்கிய 'ஹவுஸ்' என்ற, ரத்த உறவில்லாத குடும்பத்தில் உங்களுக்கு 'மதர்' என்றுதான் பெயர். என் வாயில் அது அம்மா என்றுதான் வருகிறது.

1967-ல் நியூயார்க் டவுன் ஹாலில் நடந்த, பெண் வேடமிட்டு மேடையேறும் டிராக் அழகிப் போட்டியில் நீங்கள் கொதித்துப் போன காட்சியை எத்தனை தடவை பார்த்தேன் என்று கணக்கில்லை. பட்டம் வெள்ளைக்காரரான ஹார்லோவுக்குப் போகிறது. நீங்கள் மேடையை விட்டு இறங்கிவிடுகிறீர்கள். அப்புறம் மேடைக்குப் பின்னால், இது முன்கூட்டியே பேசி முடித்த விஷயம் என்று எல்லோர் முகத்துக்கும் நேராகச் சொல்கிறீர்கள். அந்தக் காட்சியை மட்டும் வெட்டி இப்போது வேடிக்கைக்காகப் பகிர்கிறார்கள். எனக்கு வலிக்கிறது. கறுப்பு அழகிகள் ஜெயிக்க வேண்டுமென்றால் மாவு பூசி முகத்தை வெளுப்பாக்கிக்கொள்ள வேண்டியிருந்த காலம் அது. உங்கள் நிறத்தோடு நிற்க உங்களுக்கு உரிமை உண்டு என்று கத்தித்தான் சொல்ல வேண்டியிருந்தது.

கத்தியதோடு நீங்கள் நிறுத்தவில்லை. 1972-ல் இன்னொரு டிராக் அழகியான லாட்டியும் நீங்களும் சேர்ந்து, நியூயார்க்கில் கறுப்பர்கள் வாழும் ஹார்லெமில் கறுப்பு அழகிகளுக்கென்றே ஒரு போட்டி இரவு நடத்தினீர்கள். அதை 'ஹவுஸ் ஆஃப் லபேஜா' என்ற பெயரில் அறிவித்தீர்கள். யோசனை லாட்டியுடையது என்கிறார்கள். சரி, யாருடையதாக இருந்தால் என்ன, அந்த 'ஹவுஸ்' என்ற ஒரு சொல் பிடித்துக்கொண்டது. அடுத்தடுத்து டுப்ரீ, நிஞ்ஜா, எக்ஸ்ட்ராவகன்சா என்று எத்தனை வீடுகள்! பெற்றவர்கள் துரத்திவிட்ட பிள்ளைக்கு ஒரு தாய், கூடப் பிறந்தவர்கள், பெயருக்குப் பின்னால் ஒட்டிக்கொள்ள ஒரு குடும்பப் பெயர். எல்லோரும் ஒரே கூரையின் கீழ் இருந்தார்கள் என்றில்லை. ஆனால் பசித்தால் தட்டுவதற்கு ஒரு கதவு இருந்தது.

அந்தப் போட்டிகளில் 'ரியல்னெஸ்' என்ற பிரிவுதான் என்னை அதிகம் உலுக்கியது. கோட்டு சூட்டும் கைப்பெட்டியுமாக ஆபீஸ் அதிகாரி போல ஒருவர் நடந்து வருகிறார். தன்பாலினத்தவர் என்றோ திருநங்கை என்றோ தெருவில் யாரும் கண்டுபிடிக்க முடியாதபடி நடப்பதுதான் போட்டி. கண்டுபிடித்துவிட்டால் தெருவில் அடி விழும், உயிரும் போகலாம். தாய்மார்கள் அந்த நடையைச் சொல்லிக்கொடுத்தார்கள்.

அந்தப் போட்டிகளில் ஆடும் வோக் ஆட்டத்தைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியுமா? 'வோக்' என்ற ஃபேஷன் பத்திரிகையின் மாடல்கள் நிற்கும் தோரணைகளை உடம்பில் வாங்கி ஆடினார்கள். அமெரிக்க 'வோக்' பத்திரிகை தன் அட்டையில் முதல்முறையாக ஒரு கறுப்பு மாடலைப் போட்டது 1974-ல். அதற்கு இரண்டு வருஷம் முன்பே உங்கள் வீடு பிறந்துவிட்டது! குத்துக்காலிட்டுத் தத்தித் தத்தி நடந்து, கை விரல்கள் காற்றில் சுழல, தாளம் விழும் அதே நொடியில் ஒரு காலை மடக்கி முதுகு தரையில் பட மல்லாந்து விழுகிறார்களே, அப்போது கூட்டம் எழுப்பும் சத்தம் எனக்கு மயிர்க்கூச்செறியும்.

நீங்கள் 1982-ல் போய்விட்டீர்கள். உங்களுக்குப் பின் பெப்பர் லபேஜா உங்கள் ஹவுஸை ஏற்று நடத்தினார். அந்தக் காலத்தில்தான் எய்ட்ஸும் வந்தது. மற்ற ஹவுஸ்களின் மதர்களில் ஏஞ்சி எக்ஸ்ட்ராவகன்சா 1993-ல் போனார், வில்லி நிஞ்ஜா 2006-ல். ரத்த உறவு எட்டிப் பார்க்காத எத்தனையோ படுக்கைகளின் பக்கத்தில் வீட்டுப் பிள்ளைகள்தான் உட்கார்ந்திருந்தார்கள்.

உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும், அம்மா. டவுன் ஹாலிலிருந்து அவ்வளவு கோபத்தோடு கிளம்பினீர்களே, அந்த ராத்திரி யார் வீட்டுக்குப் போனீர்கள்? கூட யாராவது வந்தார்களா?

அன்புடன்,
உங்கள் பிள்ளைகளின் ஆட்டத்தைத் தூரத்திலிருந்து பார்க்கும் ஒருத்தி