அதே பழைய சண்டை, இந்த முறை எண்களோடு

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. கண் அறுவை முடிந்து இப்போதுதான் படிக்கவே விட்டிருக்கிறார்கள். 'எலக்ட்ரான் கற்றையைப் போலரைஸ் செய்ய, அதாவது எலக்ட்ரான்களின் தற்சுழற்சியை ஒரே பக்கம் திருப்ப, இத்தனை பாடு எதற்கு, மோதல்களைப் பெருக்கினால் போதாதா?' என்று கேட்டிருந்தாய். நாற்பது வருடமாக நாம் போடும் அதே சண்டை! இந்த முறை எண்களோடு வருகிறேன்.

எலக்ட்ரானையும் அதன் எதிர்த்துகளான பாசிட்ரானையும் மோதவிட்ட, செர்ன் ஆய்வகத்தின் லெப் முடுக்கியில் நான்கு கருவிகளும் சேர்ந்து, மென்விசையைச் சுமக்கும் துகளான இசட் போசான்களைச் சுமார் 1.7 கோடி பதிவுசெய்தன. போலரைஸ் ஆன கற்றையோடு ஓடிய ஸ்டான்ஃபோர்டின் எஸ்எல்டி கருவிக்குக் கிடைத்தது ஏறக்குறைய 6 லட்சம்தான். ஆனாலும், மின்காந்த விசையும் மென்விசையும் எந்த அளவில் கலக்கின்றன என்று சொல்லும் மென்கலப்புக் கோணத்துக்கு அன்றைக்கு இருந்த மிகத் துல்லியமான தனி அளவீடு எஸ்எல்டியுடையது.

தற்சுழற்சி ஓடும் திசைக்கு எதிராக இருந்தால் இடக்கை எலக்ட்ரான், அதே திசையில் இருந்தால் வலக்கை. இசட்டுக்கு இடக்கை எலக்ட்ரான்கள் மேல் கொஞ்சம் கூடுதல் பாசம். அங்கிருந்த கற்றையில் நூறு இசட் பிறந்தால், இடக்கைக்கு 56, வலக்கைக்கு 44 என்கிற மாதிரி. கோணம் அந்த வித்தியாசத்துக்குள் இருக்கிறது, எண்ணினால் போதும். எனக்கு இதில் பிடித்ததே, கருவியின் குறைகள் தாமாக அடிபட்டுப்போவதுதான். கற்றை துடிப்பு துடிப்பாக வரும்; எந்தத் துடிப்பு இடக்கை, எது வலக்கை என்பதை ஒழுங்கில்லாமல் மாற்றிக்கொண்டே இருந்தார்கள். கருவியில் ஒரு மூலை குருடாக இருந்தாலும், இரண்டுக்கும் அதே குருடு.

தற்சுழற்சி ஒரே பக்கம் திரும்பிய எலக்ட்ரான்களைப் பெற, வட்டமாகப் போலரைஸ் ஆன லேசரை கேலியம் ஆர்சனைடு படிகத்தின் மேல் அடிக்கிறார்கள். சாதாரணப் படிகத்தில் போலரைசேஷன் 50 சதவீதத்தைத் தாண்ட முடியாது. 1992இல் கிடைத்ததோ வெறும் 22. அப்புறம் அணு இடைவெளி சற்றே குறைந்த அடித்தளத்தின் மேல் மெல்லிய படலமாக வளர்த்துப் படிகத்தையே நெருக்கினார்கள். சுமார் 75 வரை போயிற்று!

சரி, உனக்கும் ஒன்று விட்டுக்கொடுக்கிறேன். போலரைசேஷன் எவ்வளவு என்பதே தப்பாகத் தெரிந்தால் அத்தனையும் வீண். அதனால் கற்றைமேல் லேசரை மோதவிட்டு, ஒளி எலக்ட்ரானில் பட்டுத் தெறிக்கும் காம்ப்டன் சிதறலை வைத்து, அரை சதவீதத் துல்லியத்துக்கு அதையும் அளந்தார்கள். அப்படியும் கோணத்தின் சைன் வர்க்கம் எஸ்எல்டியில் 0.2310; லெப்பில், இசட் சிதையும்போது பிறக்கும் பாட்டம் குவார்க் என்ற துகள்கள் வழியாக வந்தது 0.2322. நடுவில் மூன்று சிக்மா இடைவெளி, அதாவது அளவீட்டுப் பிழையைப்போல மூன்று மடங்கு.

ஐஎல்சி என்ற புதிய நேர்கோட்டு முடுக்கித் திட்டத்தில் போலரைசேஷன் எலக்ட்ரானுக்கு 80, பாசிட்ரானுக்கு 30 சதவீதம் என்று போட்டிருக்கிறார்கள். கட்டுவார்களா என்பது வேறு கதை. 0.2310, 0.2322: நீ அந்த இரண்டு எண்ணில் எதன்மேல் பந்தயம் கட்டுவாய்? எழுது. கொஞ்சம் பெரிய எழுத்தில்.

அன்புடன்,
உன் பழைய ஆய்வகத் தோழன்